கணிப்பொறியின் வாசலில் எத்தனை பேர்?

தேர்வு முடிவுகள் வெளியாகும் காலை நேரம். உங்கள் பதிவெண்ணைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பக்கம் திறக்கவில்லை. மறுபடியும் தட்டுகிறீர்கள். அப்போதும் திறக்கவில்லை. உங்களைப் போலவே இன்னும் பல்லாயிரம் பேர் அதே நிமிடத்தில் அதே கணிப்பொறியின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கணிப்பொறி எங்கோ ஓர் அறையில் இருக்கிறது. பலருக்கும் ஒரே சமயத்தில் தகவல் வழங்கும் இத்தகைய கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ளவர் இந்நேரம் என்ன செய்வார்? சர்வரில் இருப்பது யூனிக்ஸோ அல்லது அதைப் பின்பற்றி எழுதப்பட்ட லினக்ஸோ என்றால், முதல் வேலையாக ‘அப்டைம்’ என்னும் சிறு கட்டளையைத் தட்டுவார். திரையில் ஒரே ஒரு வரி தோன்றும். கணிப்பொறி எவ்வளவு காலமாக நிற்காமல் ஓடுகிறது, எத்தனை பேர் அதனுள் நுழைந்திருக்கிறார்கள் என்ற விவரங்களுக்குப் பின், வரியின் கடைசியில் மூன்று எண்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக:

12.40, 6.85, 3.10

இம்மூன்றுக்கும் ‘சுமைச் சராசரி’ என்று பெயர். இவை சதவீதமா? 12.40 என்றால் ஆபத்தா, ஆபத்தில்லையா? பதில் தெரியாமல் இவ்வெண்களைப் பார்ப்பவர், தவறான மருந்து கொடுத்துவிடக்கூடும். வாருங்கள், இவ்வெண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம்.

மாவு மில்லில் ஒரு காலை

உங்கள் தெருக்கோடியில் ஒரு மாவு மில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரைக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று. ஒருவருடைய டின் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. பின்னால் மூன்று பேர் டின்களுடன் நிற்கிறார்கள். இப்போது மில்லின் சுமை எவ்வளவு? அரைபடுவது 1, காத்திருப்பவை 3, ஆக மொத்தம் 4. அவ்வளவுதான்!

கணிப்பொறியில் அரைக்கும் இயந்திரத்தின் இடத்தில் இருப்பது மையச் செயலகம். டின்களின் இடத்தில் இருப்பவை பணிகள். ஓடிக்கொண்டிருக்கும் பணிகளையும், ‘நான் ஆயத்தம், செயலகம் கிடைத்தால் போதும்’ என்று காத்திருக்கும் பணிகளையும் சேர்த்து எண்ணினால் கிடைப்பதே அந்தக் கணத்தின் சுமை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சர்வரில் எந்த நேரத்திலும் நூற்றுக்கணக்கான பணிகள் இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உறங்கிக்கொண்டிருப்பவை. ஒன்று யாராவது விசையைத் தட்டமாட்டார்களா என்று காத்திருக்கும். இன்னொன்று நள்ளிரவில் செய்ய வேண்டிய வேலைக்காக நேரம் பார்த்திருக்கும். அரிசியை வீட்டில் ஊறவைத்துவிட்டுத் தூங்குகிறவரை மில்காரர் தம் வரிசையில் சேர்ப்பாரா? மாட்டார். அதுபோல், உறங்கும் பணிகள் சுமைக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவேதான் 200 பணிகள் இருந்தும் ஒரு கணிப்பொறியின் சுமை 0.00 என்று இருக்க முடிகிறது.

மாவு மில் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. மில்லில் ஒருவர் டின் முழுவதும் அரைத்து முடிந்த பிறகே அடுத்தவர் முறை வரும். கணிப்பொறியில் அப்படியன்று. செயலகம் ஒரு பணியைச் சில மில்லி வினாடிகள் கவனிக்கும். அது முடியாவிட்டால் நிறுத்திவைத்து, அடுத்த பணியைச் சற்று நேரம் கவனிக்கும். இப்படி மாறி மாறிச் சுற்றி வருவதால், எல்லாப் பணிகளும் ஒரே சமயத்தில் நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. செயலகம் ஒன்று, சுமை 10 என்றால், ஒவ்வொரு பணிக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நேரமே கிடைக்கும். தனியாக ஓடினால் 1 வினாடியில் முடியும் கணக்கு, இந்தக் கூட்டத்தில் 10 வினாடி எடுக்கும். உங்கள் பக்கம் திறக்கத் தாமதமானதன் இரகசியங்களுள் ஒன்று இதுதான்.

1973இல் ஒரு குறிப்பு

இந்த அளவு புதியதன்று. 1970களில் அமெரிக்காவில் பிடிபி-10 என்னும் பெரிய கணிப்பொறிகளில் டெனெக்ஸ் என்ற இயக்க முறைமை ஓடிற்று. அக்காலத்தில் ஆளுக்கொரு கணிப்பொறி என்பது கனவு. ஒரே கணிப்பொறியைப் பலர் முனையங்களின் வழியே பகிர்ந்துகொண்டனர். ‘இப்போது கூட்டம் எப்படி? வேலையைத் தொடங்கலாமா, அல்லது இரவில் வரலாமா?’ என்பது அவர்களுக்கு அன்றாடக் கேள்வி.

இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில், தொழில்நுட்பக் குறிப்புகளை எண்ணிட்டு வெளியிடும் வழக்கம் இருந்தது. அவற்றுள் 546ஆம் குறிப்பு 1973 ஆகஸ்டில் வெளியாயிற்று. டெனெக்ஸ் கணிப்பொறிகளின் ஜூலை மாதச் சுமைச் சராசரிகளே அதன் பொருள். ஒரு செயலகம் உள்ள கணிப்பொறியில் ஒரு மணி நேரச் சராசரி 10 என்றால், அந்த மணி நேரத்தில் எப்போது பார்த்தாலும் 1 பணி ஓடிக்கொண்டும் 9 பணிகள் செயலகத்துக்குக் காத்துக்கொண்டும் இருக்கும் என எதிர்பார்க்கலாம் என்று அக்குறிப்பு விளக்கிற்று. நம் மாவு மில் கணக்கேதான்! பிற்பாடு யூனிக்ஸிலும், 1991இல் பிறந்த லினக்ஸிலும் இதே அளவு இடம்பெற்றது.

மூன்று எண்கள் எதற்கு?

ஒரு கணத்தில் மில்லை எட்டிப் பார்த்தால் 4 பேர். அடுத்த கணம் 1. மறு கணம் 6. இப்படித் துள்ளும் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எனவே சராசரி எடுக்கிறோம். முதல் எண் 1 நிமிடச் சராசரி. இரண்டாவது 5 நிமிடச் சராசரி. மூன்றாவது 15 நிமிடச் சராசரி.

ஆனால் இது நீங்கள் வகுப்பில் கற்ற கூட்டி வகுக்கும் சராசரி அன்று. லினக்ஸ் ஏறத்தாழ 5 வினாடிக்கு ஒரு முறை வரிசையை எண்ணுகிறது. பழைய எண்களை எல்லாம் அது சேமித்து வைத்துக்கொள்வதில்லை. முந்தைய சராசரியில் ஒரு பங்கையும் புதிய எண்ணிக்கையில் ஒரு பங்கையும் கலந்துவிடுகிறது. 1 நிமிடச் சராசரிக்கு உரிய விதி இது:

புதிய சராசரி = (பழைய சராசரி × 0.92) + (இப்போதைய எண்ணிக்கை × 0.08)

ஓர் அண்டாவில் 100 டம்ளர் மோர் இருப்பதாகக் கருதுங்கள். 5 வினாடிக்கு ஒரு முறை 8 டம்ளர் மோரை எடுத்துவிட்டு, 8 டம்ளர் தண்ணீரை ஊற்றிக் கலக்குகிறோம். மோரின் சுவை சிறிது சிறிதாகக் குறையும். ஆனால் திடீரென்று மறையாது. பழைய சுமையின் நினைவும் சராசரியில் இப்படித்தான் மெல்ல மெல்லக் கரைகிறது. 5 நிமிடச் சராசரியில் 0.92க்குப் பதில் ஏறத்தாழ 0.983, 15 நிமிடச் சராசரியில் ஏறத்தாழ 0.995. அதாவது, அந்த அண்டாக்களில் ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சமே மாற்றுகிறோம். ஆகவே அவற்றின் நினைவு நீண்டது.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். சும்மா இருந்த கணிப்பொறியில் ஒரே ஒரு பணியை இடைவிடாமல் ஓடவிடுகிறோம். முதல் 5 வினாடி முடிவில் சராசரி 0 × 0.92 + 1 × 0.08 = 0.08. அடுத்த 5 வினாடியில் 0.08 × 0.92 + 0.08 = 0.15. அதற்கடுத்து 0.22. இப்படி 12 முறை செய்தால் ஒரு நிமிடம் ஆகும். விடை ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

1 நிமிடத்துக்குப் பின்: 0.63, 0.18, 0.06
5 நிமிடத்துக்குப் பின்: 0.99, 0.63, 0.28

வியப்பாக இருக்கிறதா? ஒரு நிமிடம் முழுவதும் ஒரு பணி ஓடியும், ‘1 நிமிடச் சராசரி’ 1.00 ஆகவில்லை, 0.63 தான் ஆகிறது. பழைய வெறுமையின் நினைவு இன்னும் அதில் எஞ்சியிருக்கிறது. எனவே பெயரில் உள்ள 1 நிமிடம், கத்தரித்து எடுத்த ஒரு நிமிடம் அன்று.

மூன்று எண்களின் பயன் இப்போது விளங்கும். முதல் எண் பெரிதாகவும் மூன்றாம் எண் சிறிதாகவும் இருந்தால், கூட்டம் இப்போதுதான் வந்து சேர்கிறது. மாறாக, முதல் எண் சிறிது, மூன்றாம் எண் பெரிது என்றால், கூட்டம் வந்து போய்விட்டது. மூன்றும் ஒன்றாக இருந்தால் நிலைமை நெடுநேரமாக மாறவில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 12.40, 6.85, 3.10 எந்த வகை என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

எத்தனை இயந்திரங்கள்?

கூட்டம் ஏறுகிறது என்பது சரி. 12.40 என்பது பெரிய எண்ணா? இக்கேள்விக்கு, ‘மில்லில் எத்தனை இயந்திரங்கள்?’ என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

இன்றைய சில்லு ஒன்றினுள் பல செயலகங்கள் அமைந்திருக்கின்றன. இவற்றைக் ‘கோர்’ என்பர். லினக்ஸ் சுமையைக் கோர்களின் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டுவதில்லை. அந்த வகுத்தலை நாம்தான் செய்ய வேண்டும். ‘என்புராக்’ என்னும் கட்டளை, நாம் பயன்படுத்தக்கூடிய செயலகங்களின் எண்ணிக்கையைச் சொல்லும்.

சுமை 12 என்று கொள்வோம். கோர் ஒன்றானால், 1 பணி ஓட 11 காத்திருக்கின்றன. கோர்கள் 4 ஆனால், 4 ஓட 8 காத்திருக்கின்றன. கோர்கள் 16 ஆனால், ஒருவரும் காத்திருக்கத் தேவையில்லை. 4 இயந்திரங்கள் சும்மாவும் நிற்கின்றன. ஒரே எண் ஓரிடத்தில் நெருக்கடி, இன்னோரிடத்தில் ஓய்வு! வகுத்துவரும் ஈவு 1க்கு மேல் நெடுநேரம் நின்றால் கவனிக்க வேண்டும் என்பது பொது விதி.

நெடுநேரம் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் இயந்திரம் மணிக்கு 12 டின் அரைக்கிறது. மணிக்கு 13 டின் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு மணி நேரத்திலும் வரிசையில் ஒருவர் கூடிக்கொண்டே போவார். வரத்து, திறனைச் சிறிதளவு மீறினாலும் போதும். வரிசை தானாகக் குறையவே குறையாது.

1993இல் நடந்த மாற்றம்

இதுவரை சொன்னது யூனிக்ஸ் வகை முறைமைகளுக்குப் பொது. லினக்ஸுக்கு மட்டும் ஒரு தனி வழக்கம் உண்டு. தெரியாதவர்கள் பெரிதும் ஏமாறும் இடம் அதுவே.

தொடக்கத்தில் லினக்ஸும் செயலகத்துக்குக் காத்திருக்கும் பணிகளை மட்டுமே எண்ணியது. 1993 அக்டோபரில் நிரலர் ஒருவர் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். நினைவகம் போதாதபோது கணிப்பொறி வட்டைத் துணைக்கு எடுத்துக்கொள்ளும். வேகமான வட்டைக் கழற்றிவிட்டு மந்தமான வட்டைப் பொருத்தினால் என்ன ஆகும்? கணிப்பொறி மெதுவாகிவிடும். ஆனால் சுமைச் சராசரியோ குறையும்! ஏனெனில் பணிகள் வட்டுக்காக நின்றுவிடுவதால், செயலகத்தின் வரிசை குட்டையாகிவிடுகிறது. பயன்படுத்துபவர் தவிக்கிறார், எண் மட்டும் நலமே என்கிறது. இது பொருந்தவில்லை என்று கருதிய அவர், இடையில் எழுப்ப முடியாதபடி வட்டுக்காகக் காத்து நிற்கும் பணிகளையும் எண்ணிக்கையில் சேர்க்கத் திருத்தம் தந்தார். லினக்ஸ் அதை ஏற்றுக்கொண்டது.

மாவு மில்லில் இதை எப்படிக் காண்பது? ஒருவர் மில்லுக்கு வந்துவிட்டார். ஆனால் அவருடைய கோதுமை கடையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. இயந்திரம் காலியாக இருந்தாலும் அவரால் அரைக்க முடியாது. வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. லினக்ஸ் என்னும் மில்காரர் இவரையும் கணக்கில் சேர்க்கிறார்.

ஆகவே லினக்ஸில் சுமை என்பது செயலகத்தின் சுமை மட்டும் அன்று. முறைமை முழுவதன் சுமை.

ஒரே எண், இரண்டு நோய்

இப்போது இரண்டு சர்வர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் 4 கோர்கள். இரண்டும் லினக்ஸ். இரண்டின் சுமையும் 20.

முதல் சர்வரில் 4 பணிகள் ஓடுகின்றன. 16 பணிகள் செயலகத்துக்குக் காத்திருக்கின்றன. இங்கே இன்னும் சில கோர்கள் இருந்தால் நிலைமை சீர்படும்.

இரண்டாம் சர்வரில் செயலகங்கள் ஏறத்தாழச் சும்மா இருக்கின்றன. பணிகள் 20ம் தொலைவில் உள்ள ஒரு சேமிப்புக் கணிப்பொறியின் வட்டிலிருந்து கோப்பு வரக் காத்திருக்கின்றன. அந்தக் கணிப்பொறி பழுதாகிவிட்டது, கோப்பு வரப்போவதில்லை. புதிதாக வரும் பணிகளும் ஒவ்வொன்றாக அங்கேயே போய் நிற்பதால் சுமை 20, 30, 50 என்று ஏறிக்கொண்டே போகும். இங்கே 64 கோர்கள் உள்ள விலையுயர்ந்த சர்வரை வாங்கிப் பொருத்தினாலும் ஒரு பயனும் இல்லை. கோதுமை வராத மில்லில் இயந்திரத்தைக் கூட்டி என்ன செய்ய?

சுமைச் சராசரி ஒரு வெப்பமானி போன்றது. காய்ச்சல் உண்டு என்று அது சொல்லும். எதனால் காய்ச்சல் என்று சொல்லாது. வெப்பமானியைப் பார்த்த மாத்திரத்தில் மருந்து எழுதும் மருத்துவர் உண்டா? அடுத்த சோதனைக்கு வேறு கருவிகள் இருக்கின்றன. ‘விஎம்ஸ்டாட்’ என்ற கட்டளையின் முதல் இரண்டு பத்திகளைப் பாருங்கள். ‘ஆர்’ என்ற எழுத்தின் கீழ் இருப்பது ஓடுவனவும் செயலகத்துக்குக் காத்திருப்பனவும் ஆன பணிகள். ‘பி’ என்ற எழுத்தின் கீழ் இருப்பது வட்டு போன்றவற்றுக்காகத் தடைபட்டு நிற்கும் பணிகள். நம் முதல் சர்வரில் ‘ஆர்’ பெரிதாக இருக்கும். இரண்டாம் சர்வரில் ‘பி’ பெரிதாக இருக்கும். நோய் எது என்று உடனே தெரிந்துவிடும்.

லினக்ஸின் மூல நிரலில், சுமைச் சராசரியைக் கணக்கிடும் பகுதியின் தலைப்பிலேயே நிரலர்கள் ஒரு குறும்பான குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். இது அசட்டுத்தனமான எண்தான், ஆனாலும் மக்கள் இதை முக்கியமென்று நினைக்கிறார்கள் என்பது அதன் கருத்து. எண்ணின் மேல் குற்றமில்லை. அது எதை எண்ணுகிறது என்று கேட்காமல் நம்பினால்தான் அது நம்மை அசடாக்கும்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் லினக்ஸ் உள்ள கணிப்பொறி இருந்தால், ஆசிரியரின் அனுமதியுடன் ‘அப்டைம்’ கட்டளையைத் தட்டி மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நெடுநேரம் கணக்கிடும் நிரல் ஒன்றை ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை எண்களைக் குறித்து வரைபடத்தாளில் மூன்று கோடுகளாக வரையுங்கள். நிரலை நிறுத்திய பின்னும் 15 நிமிடம் தொடர்ந்து குறியுங்கள். எந்தக் கோடு முதலில் ஏறுகிறது? எது கடைசியில் இறங்குகிறது? கணிப்பொறி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். மேலே தந்த விதியும் ஒரு பென்சிலும் போதும்.

கீழ்க்காணும் மூன்று சர்வர்களின் நிலை என்ன என்று சிந்தியுங்கள்:

1. கோர்கள் 2. சுமை 0.40, 3.10, 5.80.
2. கோர்கள் 8. சுமை 7.50, 7.40, 7.60. பணிகள் எல்லாம் ‘ஆர்’ வகை.
3. கோர் 1. சுமை 6.3, 1.8, 0.6. இந்தக் கணிப்பொறி சற்றுமுன் வரை முற்றிலும் சும்மா இருந்தது. எத்தனை பணிகள், எப்போது வந்தன?

விடைகள்: 1. நெருக்கடி வந்து தீர்ந்துவிட்டது. ஆயினும் 15 நிமிடங்களுக்குள் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். 2. எல்லா இயந்திரங்களும் நிதானமாக ஓடுகின்றன. ஆனால் கூடுதல் கூட்டத்துக்கு இடம் குறைவு. 3. எண்கள் நம் பட்டியலின் முதல் வரியைப் போல் 10 மடங்கு. ஆகவே 10 பணிகள், 1 நிமிடத்துக்கு முன் வந்தன.

இனி, தேர்வு முடிவு நாளுக்கு வருவோம். பக்கம் திறக்கவில்லை என்று நீங்கள் மறுபடியும் தட்டும்போது, முந்தைய வேண்டுகோளைச் சர்வர் பல சமயங்களில் கைவிடுவதில்லை. உங்கள் பெயரில் இன்னொரு டின் வரிசையில் சேர்கிறது. பத்து முறை தட்டினால் பத்து டின்கள். வரத்து, திறனை மீறி நிற்கும் நேரத்தில் ஒவ்வொரு தட்டலும் எல்லோருடைய வரிசையையும் நீட்டுகிறது. அதில் உங்கள் சொந்த வரிசையும் அடக்கம். அடுத்த முறை ஒரு தடவை தட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்து பாருங்கள்.